அணியத்தைத் தள்ளும் விசை: சிறு படகுகளில் த்ரஸ்டர்

ஏஜியன் கடலில் கோடையில் வடக்கிலிருந்து அடிக்கும் காற்றுக்கு மெல்டெமி என்று பெயர். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பிற்பகலில் அது வலுக்கும். பியூஃபோர்ட் அளவில் 6, சில நாட்களில் 7 வரை போகும். கிரேக்கத் தீவுகளின் சிறு துறைமுகங்களுக்குள் உல்லாசப் படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்வதும் அதே பிற்பகலில்தான். ஹைட்ரா, போரோஸ் போன்ற ஊர்களில் படகை நீளவாக்கில் அணைத்துக் கட்ட இடம் கிடைப்பது அரிது. அணியத்திலிருந்து, அதாவது படகின் முன்முனையிலிருந்து, நங்கூரத்தை விட்டு, பின்னோக்கி வந்து, பின்முனையான அமரத்தைத் துறைமேடையில் கட்ட வேண்டும். இரு பக்கமும் ஒரு கை இடைவெளியில் அடுத்தவர் படகுகள் நிற்கும். ஒற்றை எஞ்சின் கொண்ட பத்துப் பன்னிரண்டு மீட்டர் படகை ஓட்டி வரும் தம்பதிக்கு அன்றைய நாளின் மிகக் கடினமான பத்து நிமிடம் அதுதான்.

பின்னோக்கி வரும் படகில் சுக்கான் உடனே சொன்னபடி கேட்காது. முன்னோக்கிப் போகும்போது புரொப்பெல்லர் தள்ளும் நீர் நேராகச் சுக்கானில் மோதுவதால், படகு நின்ற இடத்திலிருந்தே திரும்பத் தொடங்கும். ரிவர்ஸில் அந்த நீர் எதிர்த்திசையில் போய்விடுகிறது. படகு ஓரளவு வேகம் பிடித்த பிறகுதான் சுக்கானுக்குப் பிடி கிடைக்கும். அதற்குள் புரொப்பெல்லரின் சுழற்சியே அமரத்தை ஒரு பக்கம் இழுக்கத் தொடங்கியிருக்கும். முன்னோக்கிப் போகையில் வலஞ்சுழியாகச் சுற்றும் புரொப்பெல்லர், ரிவர்ஸில் அமரத்தை இடப்பக்கம் கொண்டுபோகும். இந்த நேரத்தில் அணியத்தைக் காற்று எடுத்துக்கொள்கிறது. முன்பகுதி நீருக்குள் ஆழம் குறைந்தது, நீருக்கு மேலே உயர்ந்தது. காற்று தள்ளினால் அதைத் தடுத்து நிறுத்த அங்கே எதுவும் இல்லை. பின்னால் இருக்கும் எஞ்சினும் சுக்கானும் அணியத்தை நேரடியாகத் தொட முடியாது. அந்த முனையில் பக்கவாட்டாகத் தள்ளும் ஒரு சிறு புரொப்பெல்லர்தான் பௌ த்ரஸ்டர்.

பெரிய கப்பல்களில் பிறந்த இந்தக் கருவியை மின் மோட்டாரால் ஓடும் சிறு பொருளாக்கி, வார இறுதியில் படகு ஓட்டுபவர்களுக்கும் எட்டும்படி செய்தவை ஐரோப்பிய நிறுவனங்கள்: நார்வேயின் ஃப்ரெட்ரிக்ஸ்டாட் நகரத்து ஸ்லைப்னர், நெதர்லாந்தின் வீட்டஸ், பிரிட்டனின் லூமார், இத்தாலியின் க்விக். இவர்களின் விலைப்பட்டியலைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது கிலோ எண்தான். 40 கிலோ, 60 கிலோ, 80 கிலோ தள்ளுவிசை. வாங்குபவர் பேசுவதும் அதையே. அந்த எண்ணைத் தேர்ந்தெடுப்பது பாதி வேலைகூட இல்லை என்பதே என் துணிபு. த்ரஸ்டரின் புரொப்பெல்லர் சுழலும் குழாய் எங்கே, எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது, மின்கலத்திலிருந்து வரும் கேபிள் எவ்வளவு தடிமன் என்ற இரண்டும் சேர்ந்து, பெட்டியில் அச்சிட்ட 60 கிலோவைத் தண்ணீரில் 35 கிலோவாக ஆக்கிவிடக்கூடும்.

எவ்வளவு விசை தேவை?

படகின் நீளத்தைப் பார்த்து த்ரஸ்டர் வாங்கச் சொல்லும் அட்டவணைகள் நிறைய உண்டு. வசதியானவைதான், ஆனால் காற்றுக்குப் படகின் நீளம் தெரியாது, பரப்பு மட்டுமே தெரியும். 11 மீட்டர் மோட்டார் படகு ஒன்றை எடுத்துக்கொள்வோம். கேபினையும் சேர்த்து நீர்மட்டத்துக்கு மேல் சராசரி உயரம் 2 மீட்டர் என்றால் பக்கப் பரப்பு 22 சதுர மீட்டர். காற்று வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில், அதாவது ஏறக்குறைய 19 நாட் வேகத்தில் வீசுகிறது. அந்த வேகத்தில் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 61 நியூட்டன். படகின் பக்கம் தட்டையான சுவர் இல்லை, வளைவும் சரிவும் கொண்டது. எனவே அதில் முக்கால் பங்கைக் கணக்கில் கொள்வது வழக்கம். 46 நியூட்டன் வீதம் 22 சதுர மீட்டருக்கு 1,012 நியூட்டன். மொத்தம் சுமார் 103 கிலோ விசையோடு காற்று படகைத் தள்ளுகிறது.

இந்த 103 கிலோவையும் த்ரஸ்டர் தனியாகத் தாங்க வேண்டியதில்லை. அமரத்தை எஞ்சினும் சுக்கானும் பிடித்து வைத்திருக்கும் என்று கொண்டால், படகு அமரத்தை மையமாக வைத்துத் திரும்ப முயல்கிறது. காற்றின் விசை ஏறத்தாழ நடுப்படகில், அதாவது அமரத்திலிருந்து 5.5 மீட்டரில் விழுகிறது. த்ரஸ்டர் இருப்பது 10 மீட்டரில். எனவே வேண்டியது 1,012 பெருக்கல் 5.5 வகுத்தல் 10, அதாவது 556 நியூட்டன். ஏறக்குறைய 57 கிலோ. இது காற்றுக்கு ஈடுகொடுத்து அணியத்தை அசையாமல் நிறுத்த மட்டுமே போதும். காற்றை எதிர்த்து அணியத்தை நகர்த்த வேண்டுமானால் இன்னும் கொஞ்சம் கையிருப்பு தேவை. 11 மீட்டர் படகுக்கு 60 முதல் 80 கிலோ வரை பரிந்துரைப்பதன் பின்னணி இதுதான்.

இந்தக் கணக்கில் இரண்டு விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன. முதலாவது, நீளம் கிட்டத்தட்ட அடிபட்டுப் போகிறது. படகு நீளமானால் காற்று விழும் புள்ளியும் த்ரஸ்டரும் ஒரே விகிதத்தில் தள்ளிப் போகின்றன. விகிதம் பாதியை ஒட்டியே நிற்கிறது. இங்கிலாந்துக் கால்வாய்களில் ஓடும் நாரோபோட் ஒன்றைப் பாருங்கள். நீளம் 57 அடி, அகலம் 7 அடிக்கும் சற்றுக் குறைவு. நீர்மட்டத்துக்கு மேல் சராசரி உயரம் ஒன்றேகால் மீட்டர் என்றால் அதன் பக்கப் பரப்பும் 22 சதுர மீட்டர்தான். நம் 11 மீட்டர் படகைவிட ஒன்றரை மடங்கு நீண்ட அந்த இரும்புப் படகுக்கும் அதே காற்றில் வேண்டியது சுமார் 55 கிலோ. எனவே உயரமான மேல்தட்டும் துணிக்கூரையும் கொண்ட 9 மீட்டர் படகுக்கு, தாழ்வான 11 மீட்டர் பாய்மரப் படகைவிடப் பெரிய த்ரஸ்டர் தேவைப்படலாம்.

இரண்டாவது, காற்றின் விசை வேகத்தின் இருமடியில் ஏறுகிறது. வினாடிக்கு 10 மீட்டர் என்பது 14 மீட்டராக உயர்ந்தால், அதாவது 19 நாட் 27 ஆனால், விசை ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. 57 கிலோ போதும் என்ற இடத்தில் 112 கிலோ வேண்டும். எந்தக் காற்றிலும் காப்பாற்றும் த்ரஸ்டர் என்று ஒன்று கிடையாது. எந்தக் காற்று வரை இதை நம்புவேன், அதற்கு மேல் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டுக் காத்திருப்பேன் என்ற எல்லைக்கோட்டை, த்ரஸ்டரை வாங்கும்போதே மனத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். என்னைக் கேட்டால் பியூஃபோர்ட் 5-இன் மேல்முனை அந்தக் கோட்டுக்குச் சரியான இடம்.

குழாயா, வெளியே தொங்குவதா, உள்ளிழுப்பதா?

இன்றும் மிகப் பரவலானது, படகின் வெளியுடலான ஓட்டின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் குறுக்கே ஒரு குழாயைப் பதித்து, அதன் நடுவில் புரொப்பெல்லரை வைக்கும் முறை. எளிமையானது, உறுதியானது, நகரும் பாகங்கள் குறைவு. நீருக்குள் போதிய ஆழமுள்ள அணியம் இருந்தால் வேறு எதையும் யோசிக்க வேண்டியதில்லை.

நவீனப் பாய்மரப் படகில் சிக்கல் வருகிறது. அதன் அணியம் தட்டையாக, நீரின்மேல் படிந்தாற்போல் இருக்கும். கீல் வரை பின்னால் போனால்தான் ஆழம் கிடைக்கும். அவ்வளவு பின்னால் வைத்தால் நெம்புகோல் நீளம் குறைந்து த்ரஸ்டரின் பயனும் குறையும். தவிர, பாய் விரித்துப் போகும்போது ஓட்டின் இரு பக்கத் துளைகளும் வேகத்தை உறிஞ்சும். இதற்குத்தான் உள்ளிழுக்கும் த்ரஸ்டர்கள் வந்தன. பொத்தானை அழுத்தினால் அடிப்பகுதியில் ஒரு கதவு திறந்து குழாயும் புரொப்பெல்லரும் கீழே இறங்கும். வேலை முடிந்ததும் மேலேறிக் கதவு மூடிக்கொள்ளும். நீரில் ஆழமாக இறங்குவதால் தள்ளும் திறனும் நன்றாக இருக்கும். ஆனால் விலை குழாய் வகையைப் போல் இரண்டு மூன்று மடங்கு. முன்கேபின் கட்டிலுக்கு அடியில் இருந்த இடமெல்லாம் அதற்கே போய்விடும். இறக்கிய நிலையில் மறந்து வேகமெடுத்தால் ஆபத்து என்பதால், நல்ல தயாரிப்புகளில் தானே உள்ளிழுக்கும் ஏற்பாடு இருக்கும். ஆழமற்ற இடத்தில் மணலும் சிப்பியும் கதவில் சிக்குவது இதன் நிரந்தரத் தொல்லை.

ஓட்டின் வெளிப்புறத்தில் போல்ட் அடித்துப் பொருத்தும் வகையும் உண்டு. பெரிய துளை வேண்டாம், போல்ட்டுக்கும் கேபிளுக்கும் வழிவிட்டால் போதும். மோட்டார் நீருக்குள்ளேயே இருப்பதால் சூடும் குறையும். சிறு படகுக்கும், உள்ளே இடமே இல்லாத படகுக்கும் இது நியாயமான தேர்வு. ஆனால் எப்போதும் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் நங்கூரச் சங்கிலி உரசும், கயிறு சுற்றும், டிரெய்லரில் ஏற்றும்போது இடிபடும்.

ஒரு பம்பு நீரை உறிஞ்சி, ஓட்டிலுள்ள சின்ன முனைகள் வழியாகப் பீய்ச்சும் ஜெட் வகையை இங்கேயே முடித்துவிடலாம். நான்கு சிறு துளைகளோடு அணியம், அமரம் இரண்டையும் ஒரே பம்பால் இயக்கலாம் என்பது கவர்ச்சி. ஆனால் ஒரே விசைக்கு அது கூடுதல் மின்சாரம் கேட்கும். காரணம் எளிய இயற்பியல்: நிறைய நீரை மெதுவாகத் தள்ளுவது மலிவு, கொஞ்சம் நீரை வேகமாகத் தள்ளுவது செலவு. நம் 57 கிலோவுக்கு, உராய்வு இழப்பே இல்லாத இலட்சியக் குழாய் ஒன்றைக் கற்பனை செய்தால், 140 மில்லிமீட்டர் விட்டத்தில் சுமார் 1,650 வாட் வேண்டும்; 185 மில்லிமீட்டரில் 1,250; 250 மில்லிமீட்டரில் 920 வாட் போதும். உண்மையான கருவி இதைப் போல் இரண்டு மூன்று மடங்கு குடிக்கும், ஆனால் விகிதம் மாறாது. ஒரே விசைக்கு இரண்டு விட்டங்களில் த்ரஸ்டர் கிடைத்தால், படகின் ஆழம் இடம்கொடுக்கும் வரை பெரிய விட்டத்தையே எடுக்க வேண்டும்.

அந்த "ஆழம் இடம்கொடுக்கும் வரை" என்ற நிபந்தனை லேசானது அல்ல.

குழாயின் இடம்

குழாயின் மேல் விளிம்பு நீர்மட்டக் கோட்டுக்குக் கீழே குறைந்தது அரை விட்டம் ஆழத்தில் இருக்க வேண்டும். ஒரு முழு விட்டம் கிடைத்தால் நல்லது. 185 மில்லிமீட்டர் குழாய்க்கு மேலே 9 சென்டிமீட்டர் நீர் என்பது கீழெல்லை, 18 என்பது நிம்மதி. அதற்கும் மேலே வைத்தால் புரொப்பெல்லர் மேற்பரப்பிலிருந்து காற்றை உறிஞ்சும். சத்தம் கூடும், நுரை கிளம்பும், விசை சரியும். படகில் ஆட்களும் சாமானும் பின்பக்கம் நிறைந்து அணியம் சற்றே தூக்கிக்கொள்ளும் நாளையும் கணக்கில் கொள்ள வேண்டும். தண்ணீர்த் தொட்டி அணியத்தில் இருக்கும் படகில், அது காலியாக இருக்கும்போது நீர்மட்டக் கோடு எங்கே விழுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் குறி போட வேண்டும்.

முன்னால் தள்ளி வைக்க வைக்க நெம்புகோல் நீளும். ஆனால் முன்னே போகப் போக ஓடு குறுகி, குழாய் மிகக் குட்டையாகிவிடும், ஆழமும் குறையும். குழாயின் நீளம் விட்டத்தைப் போல் இரண்டு முதல் நான்கு மடங்குக்குள் இருப்பது நன்று. அதைவிடக் குட்டையானால் புரொப்பெல்லருக்கு நீர் சீராக வராது. மிக நீண்டால் உராய்வு தின்னும். முன்னுக்கும் ஆழத்துக்கும் நடுவே இழுபறி வரும்போது நான் ஆழத்தின் பக்கம் நிற்பேன். அரை மீட்டர் பின்னே தள்ளினால் நெம்புகோலில் இருபதில் ஒரு பங்குதான் போகும். காற்றை உறிஞ்சினால் அதைவிடப் பல மடங்கு போய்விடும்.

குழாயின் இரு வாய்களும் எப்படி முடிகின்றன என்பதைப் படகுக்கூடங்கள் அடிக்கடி அலட்சியப்படுத்துகின்றன. ஓட்டோடு கூர்மையான விளிம்பாக வெட்டிவிட்டால் நீர் அந்த முனையில் திரும்ப முடியாமல் சுழன்று பிரியும். நீர் வரும் வழி உள்ளேயே குறுகிவிடும். விட்டத்தின் பத்தில் ஒரு பங்கு அளவுக்காவது விளிம்பை உருட்டிவிட்டால் விசை கூடும், சத்தம் குறையும். அதோடு, முன்னோக்கி ஓடும்போது நீர் குழாயின் பின்விளிம்பில் மோதித் தடையாகாமல் இருக்க, வாய்க்கு முன்னால் சிறு புடைப்பு ஒன்றை எழுப்புவார்கள் அல்லது பின்விளிம்பை ஓட்டுக்குள் சற்றே குழித்துவிடுவார்கள். வேகமாகச் செல்லும் படகில் இது கட்டாயம்.

ஃபைபர் படகில் குழாய் பதிக்கும் வேலையைப் பக்கத்தில் நின்று பார்ப்பது நல்லது. முதலில் ஓட்டின் இரு பக்கமும் குழாயின் மையம் வரவேண்டிய இடத்தில் ஒரு சிறு துளை. இரண்டு துளைகளின் வழியாகவும் நேரான கம்பி ஒன்றைச் செருகுகிறார்கள். அது படகின் நடுக்கோட்டுக்குச் செங்குத்தாகவும் நீர்மட்டத்துக்கு இணையாகவும் இருக்கிறதா என்று பல முறை அளக்கிறார்கள். பிறகு அந்தக் கம்பியின் வெளிமுனையில், குழாயின் வெளி ஆரத்துக்குச் சரியாகக் கைபோல ஒன்றைக் கட்டி அதில் பென்சிலை மாட்டுகிறார்கள். பென்சில் முன்னும் பின்னும் வழுக்கும்படி இருக்க வேண்டும். கம்பியைச் சுற்றினால், வளைந்த ஓட்டின் மேல் பென்சில் வரையும் கோடு வட்டமாக வராது. நீண்ட முட்டை வடிவில் வரும். குழாய் உண்மையில் ஓட்டைச் சந்திக்கும் கோடு அதுதான். வட்டத்தை அட்டையில் வெட்டி ஓட்டின்மேல் ஒட்டி அறுப்பவர்கள், பின்பு இடைவெளியைப் புட்டியால் அடைக்க நேரும்.

அறுத்த பிறகு துளையைச் சுற்றி உள்ளும் புறமும் ஒரு சாண் அகலத்துக்குப் பெயிண்ட்டையும் பழைய ரெசினையும் தேய்த்து எடுத்து, இணைப்பு மூலையைப் புட்டியால் வளைவாக நிரப்பி, கண்ணாடி நாரை அடுக்கடுக்காக ஒட்ட வேண்டும். சேர்த்து முடித்த இடம் மூல ஓட்டைவிடப் பலவீனமாக இருக்கக் கூடாது, ஏனென்றால் அது நீர்மட்டத்துக்குக் கீழே வெட்டிய பெரிய துளை. ஓடு பால்சா அல்லது நுரைப் பொருளை நடுவில் வைத்துச் செய்த அடுக்கு வகையானால் இன்னும் கவனம் தேவை. வெட்டிய விளிம்பில் அந்த நடுப்பொருளைச் சில சென்டிமீட்டர் ஆழத்துக்குச் சுரண்டி எடுத்து, அந்த இடத்தைத் திட ரெசினாலும் நாராலும் நிரப்பி மூடாவிட்டால், ஒரு நாள் கசியும் நீர் பால்சாவுக்குள் புகுந்து ஓட்டை உள்ளிருந்தே அழுகவைக்கும். குழாய் இருக்கும் அறையை மட்டும் நீர்புகாத் தடுப்பால் அடைத்துவிடுவது மலிவான காப்பு.

மின்சாரம்

பொதுவான 60 கிலோ த்ரஸ்டர் ஒன்று 12 வோல்ட்டில் ஓடினால் 350 முதல் 400 ஆம்பியர் வரை இழுக்கும். வீட்டில் ஏசி ஓடும்போது இழுப்பதைப் போல் ஐம்பது மடங்கு மின்னோட்டம் அது. இருந்தும் மொத்தச் செலவு அதிகமில்லை. 370 ஆம்பியரை மூன்று நிமிடம் தொடர்ந்து எடுத்தாலும் 18.5 ஆம்பியர் மணிதான். ஒரு தடவை துறையில் கட்ட இருபது முப்பது விநாடிகளுக்கு மேல் தேவைப்படாது. எனவே மின்கலம் எவ்வளவு சேமிக்கும் என்பதைவிட, ஒரே நொடியில் எவ்வளவு கொடுக்கும் என்பதே கேள்வி. எஞ்சின் ஸ்டார்ட் செய்யும் வகை ஏஜிஎம் மின்கலம் இதற்குப் பொருந்தும். லித்தியம் மின்கலம் வைத்திருப்பவர்கள் அதன் காப்பு மின்சுற்று எத்தனை ஆம்பியர் வரை விடும் என்று பார்த்தாக வேண்டும். படகு சுவரை நெருங்கும்போது அது தன்னைக் காத்துக்கொள்ள மின்சாரத்தைத் துண்டித்துவிட்டால் படகைக் காப்பவர் யாரும் இல்லை.

கேபிள் விஷயத்தில்தான் பெரும்பாலான த்ரஸ்டர்கள் ஊனமாகின்றன. மின்கலங்கள் அமரத்தில், எஞ்சினருகே இருக்கின்றன. த்ரஸ்டர் அணியத்தில். போக 10 மீட்டர், வர 10 மீட்டர். 70 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள், அதாவது சுண்டுவிரல் தடிமன் செம்பு போட்டாலும் 20 மீட்டருக்கு அதன் மின்தடை 0.005 ஓம். 370 ஆம்பியரில் அது தின்பது 1.85 வோல்ட். மின்கலமே அந்தச் சுமையில் 11.5-க்கு இறங்கியிருந்தால் மோட்டாருக்குப் போய்ச் சேர்வது ஒன்பதரைக்குச் சற்று மேல். விசை பெட்டியில் போட்ட எண்ணுக்கு வெகு கீழே போய்விடும்.

இங்கே ஒரு விலைப்பட்டியல் நுணுக்கம் உண்டு. சில நிறுவனங்கள் தம் கிலோவை 10.5 வோல்ட்டில் அளந்து சொல்கின்றன. சில முழு 12 வோல்ட்டில். பயன்படும்போது மோட்டார் முனையில் பெரும்பாலும் கிடைப்பது பத்தரைதான். எந்த வோல்ட்டில் அளந்த எண் என்று கேட்காமல் இரண்டு தயாரிப்புகளை ஒப்பிடுவதில் பயனில்லை.

தீர்வுகள் இரண்டு. ஒன்று, த்ரஸ்டருக்கென்று தனி மின்கலத்தை அணியத்திலேயே வைப்பது. மொத்தக் கேபிள் நீளம் 8 மீட்டரானால் அதே 70 சதுர மில்லிமீட்டரில் இழப்பு 0.74 வோல்ட்டாகக் குறையும். பின்னாலிருந்து சார்ஜ் செய்ய மெல்லிய கேபிளும் ஒரு டிசி-டிசி சார்ஜரும் போதும். விலை, அணியத்தில் ஏறும் முப்பது கிலோவுக்கு மேற்பட்ட எடை. இரண்டாவது, 24 வோல்ட்டுக்கு மாறுவது. மின்னோட்டம் பாதியாகும், 20 மீட்டர் கேபிளிலும் இழப்பு 0.93 வோல்ட், அதாவது நான்கு சதவீதம் மட்டுமே. புதிதாகப் பொருத்துபவருக்கு நான் சொல்வது: படகு 10 மீட்டருக்கு மேல் இருந்து, 60 கிலோவுக்கு மேல் தேவைப்பட்டால், அணியத்தில் இரண்டு சிறு மின்கலங்களை வைத்து 24 வோல்ட் கருவியை எடுங்கள். அடுத்த பெரிய த்ரஸ்டருக்குச் செலவிடும் பணத்தைவிட இது நன்றாக உழைக்கும்.

ஃப்யூஸ் மின்கலத்துக்கு அருகிலேயே இருக்க வேண்டும். மெதுவாக உருகும் வகையாக, உற்பத்தியாளர் சொன்ன அளவில். கேபிள் முனையில் லக்கை அழுத்திப் பிணைக்கும் வேலையைச் சுத்தியலால் செய்யாமல் ஹைட்ராலிக் கருவியால் செய்யச் சொல்லுங்கள். சரியாகப் பிணைக்காத ஒரு லக் அரை நிமிடத்தில் கைவைக்க முடியாத அளவு கொதிக்கும். பெட்ரோல் எஞ்சின் உள்ள படகில் மோட்டாரும் ரிலேயும் தீப்பொறி வெளியேறாதபடி ஐஎஸ்ஓ 8846 தரத்துக்கு உட்பட்டிருக்க வேண்டும்; இதில் பேரத்துக்கு இடமில்லை.

மின்னழுத்தம் குறைவதால் வரும் இன்னொரு ஆபத்து அதிகம் பேசப்படுவதில்லை. ரிலேயைப் பிடித்து வைக்கப் போதிய வோல்ட் இல்லையென்றால் அது படபடவென்று திறந்து மூடும். ஒவ்வொரு முறையும் நூற்றுக்கணக்கான ஆம்பியரில் பொறி பறந்து, தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொள்ளும். பிறகு பொத்தானை விட்டாலும் த்ரஸ்டர் நிற்காது; படகு பக்கத்துப் படகின் மேல் போய்க்கொண்டே இருக்கும். எனவே முதன்மைத் துண்டிப்பான், ஓட்டுபவர் நிற்கும் இடத்திலிருந்து எட்டும் தூரத்திலோ, அங்கிருந்து இயக்கக்கூடிய மின்வகையாகவோ இருக்க வேண்டும். முன்கேபின் கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருக்கும் சுவிட்ச் யாருக்கும் உதவாது.

எந்தப் படகுக்கு, எப்படி?

பழைய வகை மோட்டார்களைத் தொடர்ந்து இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. சூடேறித் தானே நின்றுவிடும். பிரஷ் இல்லாத புதிய மோட்டார்கள் அந்தத் தடையை ஏறக்குறைய நீக்கிவிட்டன. அதைவிடப் பெரிய நன்மை, வேகத்தைக் கூட்டிக் குறைக்க முடிவது. பழைய த்ரஸ்டருக்கு முழு வேகம் அல்லது நிறுத்தம் என்ற இரண்டே நிலைகள். ஒவ்வோர் அழுத்தத்துக்கும் துறைமுகமே திரும்பிப் பார்க்கும். விகிதக் கட்டுப்பாடு இருந்தால் பத்துக் கிலோ விசையைத் தொடர்ந்து கொடுத்து, காற்றுக்கு எதிராக அணியத்தை அமைதியாகப் பிடித்து வைக்கலாம். பணம் இருப்பவர் கூடுதல் கிலோவுக்குப் பதில் இதில் போடட்டும்.

அமரத்துக்கும் ஒன்று வேண்டுமா? இரண்டும் இருந்தால் படகு நண்டுபோலப் பக்கவாட்டில் நகரும், பார்க்க அழகுதான். ஆனால் ஒற்றை எஞ்சின் படகில் சுக்கானை முழுதும் திருப்பி, எஞ்சினை ஒரு நொடி முன்னோக்கிக் கொடுத்தால் அமரம் பக்கவாட்டில் நகர்ந்துவிடும். அந்த வித்தை ஏற்கெனவே கையில் இருக்கிறது. அணியத்துக்குத்தான் ஒன்றும் இல்லை. இரட்டை எஞ்சின் படகுகள் ஒன்றை முன்னும் மற்றதைப் பின்னும் ஓட்டித் திரும்பிக்கொள்ளும். 2006-இல் வால்வோ பென்டா தன் ஐபிஎஸ் அமைப்புக்கு ஜாய்ஸ்டிக் கொண்டுவந்த பிறகு அந்த வகைப் படகுகளில் த்ரஸ்டரின் தேவையே குறைந்துவிட்டது.

படகு நகரும்போது த்ரஸ்டரின் பயன் வேகமாகத் தேய்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. இரண்டு மூன்று நாட் வேகத்தில், பக்கவாட்டில் பீய்ச்சும் நீர் ஓட்டோடு வளைந்து ஒட்டிப்போய், வந்த விசையின் பெரும்பகுதியை ரத்துசெய்துவிடும். வேகமாக நுழைந்துவிட்டுப் பொத்தானை அழுத்தித் தப்பிக்கப் பார்ப்பவர்களுக்கு அது கைகொடுக்காது. ஸ்பிரிங் கயிறு கட்டி எஞ்சினால் படகைச் சுவரிலிருந்து விலக்குவது, புரொப்பெல்லர் இழுக்கும் திசையைத் துணையாக்கிக்கொள்வது, காற்றுக்கு மேல்பக்கம் இடம்விட்டு வருவது ஆகியவற்றை முதலில் கற்றவரிடம் த்ரஸ்டர் நல்ல துணையாகும். இந்தப் பாடங்களைக் கற்பதற்குப் பதிலாக அதை வாங்குவது தவறு. அதே சமயம், திறமையுள்ளவருக்குத் த்ரஸ்டர் எதற்கு என்று படகுக் கூட்டங்களில் எழும் இளக்காரத்தை நான் ஏற்கவில்லை. எழுபது வயதில் இருவராக மட்டும் கடலோடும் தம்பதிக்கு, கயிற்றோடு துறைமேடைக்குத் தாவும் முழங்கால் வலிமை இல்லை. அவர்கள் இன்னும் பத்தாண்டு படகில் போக இந்தக் கருவி வழிசெய்கிறது. அதைவிட நல்ல நியாயம் தேவையில்லை.

இங்கிலாந்தின் கால்வாய்களில் மட்டும் எனக்குத் தயக்கம் உண்டு. அங்கே நீர் ஆழமற்றது, நாரோபோட்டின் அணியமோ நீருக்குள் அரை மீட்டர்கூட இறங்காது. குழாய்க்கு மேல் போதிய நீர் கிடைப்பது கடினம். கிளையும் பிளாஸ்டிக் பையும் குழாய் வாயிலுள்ள கம்பித் தடுப்பில் வந்து அடைத்துக்கொள்ளும். இரும்புக் குழாயின் உட்புறத்துக்குத் தார்ப்பெயிண்ட் சரியாக எட்டாது. துரு பிடிப்பது அங்கேதான். எல்லாவற்றுக்கும் மேலாக, இருநூறு ஆண்டுகளுக்கு முன் களிமண் மெழுகிக் கட்டிய கரைகளின் மீது நீர்ப்பீச்சு நேராக அடிக்கிறது. ஒரே துறையில் நாள்தோறும் பத்துப் படகுகள் அப்படிச் செய்தால் கரை அரிக்கத்தான் செய்யும். அலையில்லாத, மெல்ல நகரும் அந்த நீரில் நீண்ட கழியே போதுமானது என்று நினைக்கிறேன். மூப்பும் உடல்நிலையும் கேட்டால் அது வேறு.

பொருத்திய பின்

ஆண்டுக்கொரு முறை கரையேற்றும்போது குழாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். வெதுவெதுப்பான மத்தியதரைக்கடலில் ஒரு கோடையிலேயே புரொப்பெல்லர் இறக்கையில் கொட்டலசு ஒட்டிவிடும். நான்கைந்து இருந்தாலே விசை கண்கூடாகக் குறையும். குழாய்க்கும் இறக்கைக்கும் பாசி எதிர்ப்புப் பெயிண்ட் அடிக்கலாம். உலோக அரிப்பைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் துத்தநாகத் துண்டுக்கும், அச்சு வெளிவரும் சீலுக்கும் அடிக்கக் கூடாது. துத்தநாகம் பாதி கரைந்திருந்தால் மாற்றிவிட வேண்டும். பற்சக்கரப் பெட்டியின் எண்ணெய்க் குடுவை நீர்மட்டத்துக்கு மேலே இருக்கிறதா, எண்ணெய் பால்நிறமாகிவிடவில்லையா என்று பார்ப்பது ஒரு நிமிட வேலை. பால்நிறம் என்றால் சீல் வழியாக நீர் உள்ளே போய்விட்டது.

புதிதாகப் பொருத்திய கூடத்துக்கு மீதிப் பணத்தைக் கொடுக்கும் முன் இரண்டு சோதனைகளைக் கேட்டு வாங்க வேண்டும். முதலாவது, படகு நீரில் இருக்கும்போது த்ரஸ்டரைப் பத்து விநாடி ஓட்டி, மோட்டார் முனையிலேயே மல்டிமீட்டரை வைத்து வோல்ட்டைப் படிப்பது. 12 வோல்ட் கருவியில் பத்தரைக்குக் கீழே போனால் கேபிளையோ மின்கலத்தையோ இணைப்பையோ திருத்த வேண்டும். இரண்டாவது, அணியத்திலிருந்து பத்துப் பதினைந்து மீட்டர் நீளக் கயிற்றைப் பக்கவாட்டில் நேராகத் துறைமேடைக்குக் கொண்டுபோய், நடுவில் கிரேனில் எடை பார்க்கும் டிஜிட்டல் தராசு ஒன்றை மாட்டி, அமரத்தைக் கட்டி நிறுத்திவிட்டு, மேடையிலிருந்து விலகும் திசையில் பொத்தானை அழுத்துவது. கயிறு இறுகித் தராசில் எண் நிலைக்கும்வரை ஐந்தாறு விநாடி பிடிக்கும். அந்த எண்ணைக் குறித்து, அன்றைய வோல்ட்டையும் பக்கத்தில் எழுதி, படகின் கோப்பில் வையுங்கள். அடுத்த கோடையில் அதே இடத்தில் அதே சோதனையைச் செய்து எண் இறங்கியிருந்தால், வோல்ட்டும் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள்: இறங்கியிருந்தால் கோளாறு கேபிளிலோ மின்கலத்திலோ, வோல்ட் அப்படியே இருந்தால் குழாய்க்குள்.